வுப்பர்டால் தொங்கு ரயில்: ஒரு டையிங் மாஸ்டரின் மதிப்புரை

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஓடும் தொங்கு ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரயிலைப் பற்றியே எழுதுகிறார்கள். தண்டவாளம் மேலே, பெட்டி கீழே, நூற்றாண்டைத் தாண்டிய இரும்பு, ஆற்றில் விழுந்த யானை. எல்லாமே தெரிந்துகொள்ள வேண்டியவைதான். நான் ஏறியது அதற்கும் கீழே ஓடும் வுப்பர் ஆற்றுக்காக. திருப்பூரில் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெளியே போகிற தண்ணீரைப் பார்த்தே உள்ளே எந்த ஷேடு ஓடுகிறது என்று சொல்லிவிடும் கண் எங்களுக்கு. நூல் வெளுப்பையும் சாயத்தையும் நூற்றாண்டுக் கணக்கில் சுமந்த ஓர் ஆறு, டூசல்டார்ஃபில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து அரை மணி நேர ரயில் தூரத்தில் ஓடுகிறது என்றால் பார்க்காமல் எப்படி ஊர் திரும்புவது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆறு ஒரு நகரத்தை எப்படி உண்டாக்கியது, அந்த நகரம் ஆற்றை என்ன பாடு படுத்தியது, பிறகு எப்படி மீட்டது என்று பார்க்க இதைவிட நல்ல இருக்கை எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை. இதற்கெனத் தனிக் கட்டணமும் கிடையாது. வட்டாரப் பேருந்துக்கும் ரயிலுக்கும் செல்லும் அதே சீட்டு இதற்கும் செல்லும். ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாதச் சீட்டு (2025-இல் 58 யூரோ) கையில் இருந்தால் நேராக ஏறிவிடலாம். சுற்றுலாப் படகு மாதிரி டிக்கெட் கவுன்டர், வரிசை எதுவும் இல்லை. ஊர்க்காரர்களுக்கு இது 60-ஆம் எண் வண்டி, அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு பாட்டிகளும் தினமும் போய் வருகிற வண்டி. நாளொன்றுக்கு 80,000 பேர் அளவில் ஏறுகிறார்கள்.

ஏறும் இடம் முக்கியம். பாதையின் நீளம் 13.3 கிலோமீட்டர், நிலையங்கள் 20, முழுப் பயணமும் ஏறக்குறைய அரை மணி நேரம். பெரும்பாலானோர் நடுவிலுள்ள மத்திய ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கேயே தொங்கு ரயிலைப் பிடித்து, ஏதோ ஒரு பக்கம் போய்த் திரும்புகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். கிழக்குக் கோடியான ஓபர்பார்மனுக்குப் போய் அங்கிருந்து மேற்கே ஃபோவிங்கெல் வரை வாருங்கள். ஆறு நகரத்துக்குள் கிழக்கிலிருந்து மேற்காகத்தான் ஓடுகிறது. நீரோட்டத்தோடு சேர்ந்து போனால்தான் கதை வரிசையாக வரும்.

"மாமா, கடைசி சீட்டைப் பிடிச்சிருங்க" என்று மாப்பிள்ளை சொல்லி அனுப்பியிருந்தார். சரியான யோசனை. வண்டிகள் ஒரே திசையில் ஓடிக் கடைசி நிலையத்தில் வளைந்து திரும்புவதால் ஓட்டுநர் அறை முன்னால் மட்டும்தான். பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதை ஒட்டி இருக்கை. அங்கே உட்கார்ந்தால் ஆற்றின் இரு கரையும், மேலே தண்டவாளத்தைத் தாங்கும் இரும்புக் கால்களும் விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டே வரலாம். அது கிடைக்காவிட்டால் இடது ஜன்னல். கதவுகள் எல்லாம் வலது பக்கம் இருக்கின்றன, நடு ஆறு இடது பக்கம் விழுகிறது. பள்ளி விடும் நேரத்தில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். காலை பத்து மணிக்கு மேல் போவது உசிதம்.

இப்போது ஆறு. வுப்பரின் மொத்த நீளம் ஏறக்குறைய 116 கிலோமீட்டர். ரைன் நதியின் வலப்பக்கத் துணையாறு. பெர்கிஷஸ் லாண்ட் என்ற மலைநாட்டில் மரியன்ஹைடே என்ற ஊருக்கு அருகில் பிறக்கிறது. மேல்பகுதியில் அதற்கு விப்பர் என்று பெயர். விப்பர்ஃபியூர்ட், ஹியூக்கஸ்வாகன் என்ற சிற்றூர்களைக் கடந்து, வில் மாதிரி வளைந்து, வுப்பர்டாலுக்குள் மேற்கே ஓடி, சோன்போர்னில் தெற்கே திரும்பி, ஸோலிங்கன் காடுகளைச் சுற்றிக்கொண்டு லெவர்கூசனில் ரைனில் சேர்கிறது. பிறந்த இடத்திலிருந்து சேரும் இடத்துக்கு நேர்க்கோடு போட்டால் பாதித் தூரம்கூட வராது. அந்த வளைவுக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். இறக்கம் இருந்தால் சக்கரம் சுழலும். அதனால் மேல்பகுதியிலும் ஸோலிங்கன் பக்கத்திலும் சம்மட்டி ஆலைகள், சாணைப் பட்டறைகள், மாவாலைகள் என்று கரையெங்கும் தண்ணீர்ச் சக்கரங்கள் சுழன்றன. ஸோலிங்கன் கத்தி உலகப் புகழ் பெற்றதற்கு இந்த ஆற்றின் வேகம் ஒரு காரணம்.

ஆனால் நம் தொழில்காரனுக்கு வேகத்தைவிட முக்கியம் தண்ணீரின் குணம். மேற்கிலிருந்து வரும் மழைமேகம் இந்த மலைகளில்தான் முதலில் மோதுகிறது. மழை அதிகம். மேல்பகுதி மலையெல்லாம் பலகைக்கல்லும் மணற்கல்லும். அந்தப் பாறைகளில் சுண்ணாம்பு குறைவு. ஆகவே இறங்கி வரும் தண்ணீர் மென்மையான தண்ணீர். இதன் அருமை எங்களுக்குத்தான் தெரியும். ஹார்ட்னஸ் உள்ள தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து நூலில் பிசுக்காக ஒட்டும். இரும்பு இருந்தால் வெள்ளை மஞ்சளாகிவிடும். சாயம் போட்டால் திட்டுத் திட்டாக ஏறும். திருப்பூரில் நாங்கள் லாரித் தண்ணீர் வாங்கி, சாஃப்ட்னர் போட்டு, ஆர்.ஓ. வைத்து வரவழைக்கிற தண்ணீர், இந்தப் பள்ளத்தாக்கில் மழையாகவே வந்து இறங்கியிருக்கிறது.

இன்று வுப்பர்டாலுக்குள் அடங்கிவிட்ட எல்பர்ஃபெல்ட், பார்மன் என்ற இரு ஊர்களும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் எழுந்தன. கரையோரப் புல்வெளிகள்தான் முதல் தொழிற்சாலை. லினன் நூலைச் சாம்பற்காரத்தில் வேகவைத்து, அலசி, புல்லின் மேல் நீளமாக விரித்து, ஆற்றுத் தண்ணீரை மேலே தெளித்துக்கொண்டே இருப்பார்கள். வெயிலும் ஈரமும் சேர்ந்து நூலை வெளுக்கும். காய விடக் கூடாது, தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். மறுபடி காரம், மறுபடி புல். வாரக் கணக்கில் நடக்கிற வேலை. 1527-இல் அந்த நாட்டை ஆண்ட பிரபு மூன்றாம் யோஹான், நூல் வெளுக்கும் உரிமையைத் தன் நாட்டில் எல்பர்ஃபெல்ட், பார்மன் ஆகிய இரு ஊர்களுக்கு மட்டுமே தருவதாகச் சாசனம் கொடுத்தார். இதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றில் திருப்புமுனை. மற்ற ஊர்கள் நூல் நூற்கலாம், நெய்யலாம். வெளுப்பு இங்கேதான். வெளுப்பு வந்த இடத்துக்கு வியாபாரம் வந்தது. வியாபாரத்தின் பின்னால் ரிப்பன், நாடா, லேஸ் நெசவு, அப்புறம் சாயம், அப்புறம் இயந்திரம். பாலியெஸ்டர் நூல் தொழிலில் இருக்கிறவர்கள் பார்மாக் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். நூல் இயந்திரம் செய்த அந்தக் கம்பெனியின் பெயரில் இருக்கும் பார்மன் இந்த ஊர்தான்.

ஓபர்பார்மனிலிருந்து கிளம்பியதும் பின்கண்ணாடியில் தெரிகிற முதல் காட்சி பள்ளத்தாக்கின் நெரிசல். ஆறு அகலமில்லை. இரண்டு பக்கமும் கல்சுவர், சுவரை ஒட்டியே கட்டடம், கட்டடத்துக்குப் பின்னால் உடனே மேடு. மலைச்சரிவில் வீடுகள் படியேறி நிற்கின்றன. தொங்கு ரயில் ஏன் வந்தது என்பதற்கு இந்த ஒரு பார்வை போதும். 1900 வாக்கில் எல்பர்ஃபெல்டும் பார்மனும் சேர்ந்து மூன்று லட்சம் மக்கள். எல்லாரும் நீளமான ஒரு பள்ளத்துக்குள். தெருவை அகலப்படுத்த இடமில்லை. பாறையும் நீரும் நிறைந்த தரைக்குள் சுரங்க ரயிலும் சரிப்படாது. ஊருக்கு நடுவில் யாரும் கட்டடம் கட்டாத ஒரே நீளமான வெளி, ஆற்றுக்கு மேலே இருந்த ஆகாயம்தான். கொலோனைச் சேர்ந்த ஆய்கன் லாங்கன் என்ற பொறியாளர் தொங்கு ரயில் முறையைச் சோதித்து வைத்திருந்தார். நான்கு வீச்சு எஞ்சினைச் செய்த நிக்கோலாஸ் ஓட்டோவின் தொழில் கூட்டாளி அவர். 1895-இல் அவர் இறந்துவிட்டார். 1898-இல் வேலை தொடங்கியது. 1900 அக்டோபர் 24 அன்று பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மனைவியோடு சோதனைப் பயணம் வந்தார். 1901 மார்ச் 1-இல் முதல் பகுதி மக்களுக்குத் திறந்தது. 1903-இல் ஓபர்பார்மன் வரை நீண்டது.

மொத்தப் பாதையில் 10 கிலோமீட்டர் ஆற்றுக்கு மேலே, தண்ணீரிலிருந்து ஏறக்குறைய 12 மீட்டர் உயரத்தில். இரு கரையிலும் காலூன்றி, சாய்ந்து மேலே வந்து சேரும் இரும்புத் தாங்கிகள். இரும்பின் எடை மட்டும் சுமார் 19,000 டன். அவற்றையெல்லாம் 1990-களிலிருந்து படிப்படியாகப் புதுப்பித்திருக்கிறார்கள், அதே வடிவத்தில். வண்டி ஒற்றைத் தண்டவாளத்தில் தொங்குவதால் வளைவில் பக்கவாட்டில் சாயும். ஆற்றின் ஒவ்வொரு வளைவையும் உடம்பு உணர்கிறது. வரைபடத்தில் சாதாரணக் கோடாகத் தெரியும் வளைவு, இங்கே இடுப்பில் தெரியும். எனக்குப் பயமாக இல்லை. ஆனால் தலைசுற்றல் உள்ளவர்கள் முன்பக்கம் பார்த்து உட்காரும் இருக்கையைப் பிடிப்பது நல்லது.

ஆல்டர் மார்க்ட் நிலையத்துக்கும் அட்லர்ப்ரூக்கேவுக்கும் நடுவில்தான் யானைக் கதை. 1950 ஜூலை 21. விளம்பரத்துக்காக டுஃபி என்ற குட்டி யானையை ஒரு சர்க்கஸ் கம்பெனி இந்த ரயிலில் ஏற்றியது. மிரண்டுபோன டுஃபி பெட்டியின் பக்கவாட்டை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. சின்னச் சிராய்ப்போடு தப்பியது. அதன் பெயரில் பால் பாக்கெட்டுகூட விற்கிறார்கள். ஊர்க்காரர்களுக்குப் பிடித்த கதை. அந்த ஜீவனை நினைத்தால் எனக்கு மனம் கசக்கிறது.

அட்லர்ப்ரூக்கேயில் இறங்கி ஏங்கல்ஸ் வீட்டைப் பாருங்கள். ஃபிரீட்ரிக் ஏங்கல்ஸ் 1820 நவம்பர் 28 அன்று பார்மனில் பிறந்தவர். அவர் பிறந்த வீடு இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டது. இப்போது நிற்பது தாத்தாவின் வீடு. குடும்பமே நூல் வெளுப்பில் தொடங்கி நூற்பாலை வரை வளர்ந்த குடும்பம். 1839-இல், பதினெட்டு வயதில், தன் சொந்த ஊரைப் பற்றி அவர் எழுதிய கடிதங்களின் தொடக்கமே இந்த ஆறுதான். ஆற்றின் சிவப்புக்கு இரத்தம் சிந்திய போர் காரணமில்லை, கரையில் வரிசையாக இருக்கும் துருக்கிச் சிவப்புச் சாயப்பட்டறைகள்தான் காரணம் என்று எழுதினார். அதே கடிதங்களில் பட்டறையில் உழைப்பவர்களின் நிலைமையும் வருகிறது. துருக்கிச் சிவப்பு என்பது மஞ்சிட்டி வகை வேரிலிருந்து எடுத்த சாயம். பருத்தியில் ஏற்ற எண்ணெய், படிகாரம், சாணம் என்று பல முறை முக்கி, உலர்த்தி, மறுபடி முக்க வேண்டும். ஏறிவிட்டால் சலவைக்கும் வெயிலுக்கும் அசையாது. அந்த அலசல் தண்ணீரெல்லாம் நேராக ஆற்றில் போயிருக்கிறது. சிவப்பு லாட் அலசுகிற அன்று கால்வாய் எப்படி இருக்கும் என்று பார்த்தவனுக்கு அந்த வரிகளில் மிகை எதுவும் தெரியாது.

அப்புறம் வேரின் காலம் முடிந்து, நிலக்கரித் தாரிலிருந்து சாயம் செய்யும் காலம் வந்தது. 1863 ஆகஸ்ட் 1 அன்று பார்மனில் சாய வியாபாரி ஃபிரீட்ரிக் பாயரும் சாயக்காரர் யோஹான் ஃபிரீட்ரிக் வெஸ்காட்டும் சேர்ந்து செயற்கைச் சாயம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று தலைவலி மாத்திரைக்கு உலகமே அறிந்த பாயர் கம்பெனி அதுதான். ஒரு டையிங் மாஸ்டர் இணைந்து உருவாக்கிய கம்பெனி என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். சாயம் செய்யும் வேதியியல் கைவந்த பிறகு மருந்துக்குப் போனார்கள். 1897 ஆகஸ்டில் ஆஸ்பிரினின் மருந்துப் பொருளைத் தூய வடிவில் ஃபீலிக்ஸ் ஹாஃப்மன் தயாரித்தது எல்பர்ஃபெல்ட் ஆய்வகத்தில். வெஸ்டெண்டே நிலையம் தாண்டி மிருகக்காட்சி சாலை நிலையம் வருவதற்குள் ரயில் அந்தத் தொழிற்சாலைக்கு நடுவே போகிறது. இரு பக்கமும் குழாய்களும் தொட்டிகளும், கீழே ஆறு. இந்தப் பகுதியில் போனைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். ஒரு சாயக் கம்பெனி ஆற்றங்கரையில் ஏன் உட்கார்ந்தது, பின்பு ஏன் கிளம்பியது என்று புரியும். பள்ளத்தில் விரிவதற்கு இடமில்லை. 1891-இல் ரைன் கரையில் கார்ல் லெவர்கூஸ் என்பவரின் சாயத் தொழிற்சாலையை வாங்கி, 1912-இல் தலைமையகத்தையும் அங்கே மாற்றினார்கள். வெள்ளை வேட்டிக்குப் போடுகிற நீலம் இருக்கிறதே, அந்த அல்ட்ராமரீனைச் செய்தவர் லெவர்கூஸ். அவர் பெயரில்தான் லெவர்கூசன் நகரம். வுப்பர் ரைனில் சேரும் ஊரும் அதுவே. சாயம் ஆற்றோடு கீழே போனது போலக் கம்பெனியும் போயிருக்கிறது.

சரி, இன்றைய தண்ணீர்? ஜன்னல் வழியாகப் பார்த்தால் அடியிலுள்ள கல் தெரிகிறது. பல இடங்களில் கரைச்சுவருக்குள்ளேயே கூழாங்கல் திட்டுகளையும் பெரிய கற்களையும் போட்டு ஆற்றை மறுபடி வளைந்து ஓட விட்டிருக்கிறார்கள். சாம்பல் நாரை ஒன்று திட்டின் மேல் நின்று மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே வண்டி கடகடவென்று போனதைக் கவனிக்கவே இல்லை. நிலையத்தில் இறங்கிப் பாலத்திலிருந்து நெடுநேரம் பார்த்தேன். நுரை இல்லை, எண்ணெய்ப் படலம் இல்லை, ஓரத்தில் கறை இல்லை. பட்டறைத் தண்ணீர் வந்தால் கல்லின் நீர்மட்டக் கோட்டில் ஒரு வளையம் படியும். அதைத் தேடினேன். பாசிதான் இருந்தது.

இது தானாக நடக்கவில்லை. சாயப்பட்டறைகளும் நெசவாலைகளும் பெரும்பாலும் மூடிப்போனது ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு வெகு முன்பே அடித்தளம் போட்டிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓட்டோ இன்ட்ஸே என்ற பேராசிரியர் துணையாறுகளில் அணைகள் கட்ட வழிகாட்டினார். 1891-இல் ரெம்ஷைடுக்காகக் கட்டிய எஷ்பாக் அணை ஜெர்மனியின் முதல் குடிநீர் அணை. 1898-இல் பேவர் அணை. கோடையில் ஆறு வற்றாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பது பேவர் மாதிரி அணைகளின் வேலை. 1930-இல் பிரஷ்ய அரசு தனிச் சட்டம் போட்டு வுப்பர்வெர்பாண்ட் என்ற அமைப்பை உண்டாக்கியது. பிறக்கும் இடத்திலிருந்து சேரும் இடம் வரை மொத்த ஆற்றுப் படுகைக்கும் ஒரே அமைப்பு. கரையிலுள்ள நகராட்சிகள், தொழிற்சாலைகள், குடிநீர் வாரியங்கள் எல்லாம் கட்டாய உறுப்பினர்கள். யார் எவ்வளவு அழுக்குச் சேர்க்கிறார்கள், யார் எவ்வளவு பயன் பெறுகிறார்கள் என்று பார்த்துச் சந்தா. அணையும் அவர்கள் பொறுப்பு, சுத்திகரிப்பு நிலையமும் அவர்கள் பொறுப்பு, கரையும் அவர்கள் பொறுப்பு. 1987-இல் வந்த வுப்பர் அணையும் அந்த அமைப்பினுடையதே. சால்மன் மீன்கள் கீழ்ப்பகுதிக்குத் திரும்பத் தொடங்கியிருக்கின்றன. என் கணக்கில் இந்த ஊரின் பெரிய சாதனை தொங்கு ரயில் இல்லை, 1930-இல் போட்ட இந்த ஏற்பாடுதான்.

நொய்யல்காரன் இதை எழுதாமல் போக முடியாது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை எங்கள் சாயத் தண்ணீர் தேங்கும் குளமாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், சொட்டுத் தண்ணீர்கூட வெளியே விடாத முறைக்கு ஊர் முழுசாக வந்தது. அந்தச் செலவையும் உழைப்பையும் நான் கூட இருந்து பார்த்தவன், குறைத்துப் பேச மாட்டேன். வுப்பரையும் நொய்யலையும் ஒரே தராசில் வைக்கவும் முடியாது. இங்கே வருடம் முழுக்க மழை, அணைத் தண்ணீரைக் கலந்து விட்டால் ஆறு தாங்கும். நொய்யலில் மழைக்காலம் போனால் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர். ஆனால் வெள்ளிங்கிரி மலையிலிருந்து காவிரி வரை, கோவைச் சாக்கடையையும் திருப்பூர்ப் பட்டறையையும் கீழே இருக்கும் விவசாயியையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதுகிற ஓர் அமைப்பு நமக்கு வேண்டும். அதற்குப் பெரிய மழை தேவையில்லை, சட்டம் போதும்.

ஆற்றை முழுசாக அடக்கிவிட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2021 ஜூலை 14 இரவு கொட்டிய மழையில் வுப்பர் அணை நிரம்பி வழிந்தது. வுப்பர்டாலின் தாழ்வான தெருக்கள், ஸோலிங்கனின் உண்டர்புர்க், லெவர்கூசனின் ஓப்லாடன் எல்லாம் வெள்ளத்தில். கல்சுவருக்குள் இறுக்கிய ஆறு பொங்கினால் போக இடமில்லை.

ரயிலின் குறைகளையும் சொல்ல வேண்டும். இத்தனை பழைய அமைப்பைத் தினசரி ஓட்டுவது லேசான காரியமில்லை. 1999 ஏப்ரல் 12 அன்று, பராமரிப்பு வேலைக்குப் பின் தண்டவாளத்தில் மறந்து விட்ட இரும்புப் பிடி ஒன்றில் மோதி வண்டி ஆற்றில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். இத்தனை வருடத்தில் உயிர் போன பெரிய விபத்து அது ஒன்றுதான். 2018 நவம்பரில் மின்சாரத் தண்டு கழன்று விழுந்து 2019 ஆகஸ்ட் வரை சேவை நின்றது. 2020-21-இல் ஓராண்டு காலம் வார இறுதிகளில் மட்டுமே ரயில், மற்ற நாட்களில் பேருந்துதான் ஓடியது. ஆகவே கிளம்புமுன் அன்றைக்கு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எனக்குப் பெரிய குறை வேறு. வண்டிக்குள் நிலையத்தின் பெயரைத் தவிர ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கே வெளுப்புப் புல்வெளி இருந்தது, எங்கே சிவப்புத் தண்ணீர் ஓடியது, எந்தத் திட்டில் மீன் முட்டையிடுகிறது என்று நிலையத்துக்கு ஒரு பலகை வைத்தால் போதும். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கதையாக இருக்கலாம், வெளியூர்க்காரன் வெறும் சாய்ந்தாட்டத்தை அனுபவித்துவிட்டு இறங்கிப் போகிறான். பழைய நகரைப் பார்க்க ஆசை இருந்தால் 1902-இல் ஓடும் வண்டியிலிருந்து எடுத்த படம் ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் இதே வளைவுகளை அடையாளம் காணலாம். போரில், 1943 மே மாதம் பார்மனும் ஜூன் மாதம் எல்பர்ஃபெல்டும் குண்டுவீச்சில் எரிந்ததால் கட்டடங்கள் மாறிவிட்டன. ஆறும் இரும்பும் அதே வரியில்தான் இருக்கின்றன.

கடைசி மூன்று கிலோமீட்டர் ஏமாற்றம். சோன்போர்னில் ஆறு தெற்கே திரும்ப, ரயில் அதை விட்டுவிட்டு நெடுஞ்சாலையைக் கடந்து, வீட்டு மாடி ஜன்னல்களை ஒட்டித் தெருவுக்கு மேலே போகிறது. பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஆற்றுக்காக வந்தவருக்கு அதில் ஒன்றுமில்லை. நேரம் குறைவென்றால் மிருகக்காட்சி சாலை நிலையத்திலேயே இறங்கித் திரும்பிவிடலாம். பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் இருப்பதால் என் முழங்காலுக்கும் சிரமமில்லை, தள்ளுவண்டிக் குழந்தைக்கும் சிரமமில்லை.

அரை நாள் கூடுதலாக இருந்தால் ஆறு ரயிலை விட்டுப் போன பிறகு என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். வுப்பர்டால் மத்திய நிலையத்திலிருந்து எஸ் 7 ரயிலில் ரெம்ஷைடு வழியாகப் போனால் ஸோலிங்கன் ஷாபெர்க் நிலையத்துக்கு முன் வண்டி மியூங்ஸ்டன் பாலத்தில் ஏறும். 1897-இல் முடிந்த பாலம், ஆற்றிலிருந்து 107 மீட்டர் உயரம், ஜெர்மனியின் மிக உயரமான ரயில் பாலம். ஷாபெர்க்கில் இறங்கிக் காட்டுப் பாதையில் கீழே நடந்தால் பாலத்தடிப் பூங்கா. நகரத்தில் கல்சுவருக்குள் அடங்கி வந்த வுப்பர் இங்கே பாறைகளில் மோதிச் சத்தமாக ஓடுகிறது. கரையில் காலை நனைக்கலாம். இறக்கம் செங்குத்து, திரும்பி ஏற மூச்சு வாங்கும், கைத்தடி இருந்தால் எடுத்துப் போங்கள். ஷாபெர்க்கிலிருந்து அதே எஸ் 7 ஸோலிங்கன் மத்திய நிலையம் போகும். அங்கிருந்து டூசல்டார்ஃபுக்கு எஸ் 1. காலை பத்தரைக்கு ஓபர்பார்மனில் ஏறினால் இத்தனையும் முடித்து இருட்டுவதற்குள் வீடு சேரலாம்.